சட்டமும் நாமும்: குடிக்கூலி வீடும் சில்லறைக் கடனும்

"ஏழை சொல் அம்பலம் ஏறாது" என்பது நம்மவர் பழமொழி. பிறந்த ஊரிலேயே ஏழையின் சொல்லுக்கு அந்நிலை என்றால், பிழைக்க வந்த ஊரில், பிறர் மொழி பேசும் நீதிமன்றத்தில், குடிக்கூலி வீட்டில் வாழ்பவனின் சொல் எவ்வளவு தூரம் செல்லும் என்று நம்மிற் பலர் அஞ்சுவது இயல்பே. இப்பகுதியின் வாயிலாக அன்பர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் இரண்டே வகையின. ஒன்று, "வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்கிறார், என் செய்வது?" என்பது. மற்றொன்று, "வரவேண்டிய சிறு தொகை வரவில்லை, எங்கே முறையிடுவது?" என்பது. இவ்விரண்டிற்கும் சட்டம் வகுத்துள்ள வழிகளை இத்திங்கள் ஒருங்கே எடுத்துரைக்க விழைகின்றோம்.

மட்டாஞ்சேரியில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இக்கேள்விகள் ஏன் மிகுதியாக எழுகின்றன என்பதை முதலிற் காண்போம். கடைவீதிச் சரக்கறைகளில் மூட்டை தூக்க வந்தவர், மளிகையும் பாத்திரமும் விற்க வந்தவர், கோட்டைக் கொச்சி டோபிகானாவில் தலைமுறை தலைமுறையாகத் துணி வெளுப்பவர், வில்லிங்டன் தீவுக்கருகே வாத்துருத்தியில் நெருக்கமான வரிசை வீடுகளில் வாழும் கூலித் தொழிலாளர் என நம்மவர் பல திறத்தினர். தொழில் வேறாயினும் ஒன்றில் பெரும்பாலோர் ஒத்துள்ளனர்: தலைக்கு மேலுள்ள கூரை தமதன்று. இப்போது இவ்வூரின் நிலமதிப்பும் உயர்ந்து வருகின்றது. 2012ஆம் ஆண்டு முதல் நடைபெறும் கொச்சி-முசிறி பினாலே கண்காட்சியும், பழைய வீடுகள் விருந்தினர் விடுதிகளாக மாறியதும், 2025இல் மட்டாஞ்சேரியில் திறக்கப்பட்ட நீர்வழி மெட்ரோ நிலையமும் ஊருக்கு நன்மையே. ஆயினும், நன்மை வரும் இடத்தில் குடியிருப்பவன் கலங்குவதும் உடன் வருகின்றது. சிறு வாடகையில் இருப்பவரை எழுப்பிவிட்டால் பெருந்தொகை கிடைக்கும் என்ற எண்ணம் சில வீட்டுக்காரருக்கு எழுவதில் வியப்பில்லை.

ஒரு காலத்தில் கோட்டைக் கொச்சி சென்னை மாகாணத்தையும், மட்டாஞ்சேரி கொச்சி சமஸ்தானத்தையும் சேர்ந்திருந்தன. நடந்து செல்லும் தொலைவிலேயே இரு வேறு அரசுகளின் ஆட்சி நிலவிற்று. இன்று அவ்வேறுபாடு இல்லை. கொச்சி மாநகராட்சி எல்லைக்குள் வாடகைக் கட்டடங்களுக்கு ஆதாரமாக நிற்பது 1965ஆம் ஆண்டின் கேரளக் கட்டடக் குத்தகை மற்றும் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். இதை விசாரிப்பது முன்சீப் நிலையிலுள்ள வாடகைக் கட்டுப்பாட்டு நீதிமன்றம். இங்கே ஓர் எச்சரிக்கை. தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி 22 முதல் வேறொரு புதுச் சட்டம் நடைமுறையில் உள்ளது. எழுத்து மூலமான ஒப்பந்தம் செய்துகொள்ளத் தவறுவதே அங்கே குடியிருப்பவரை வெளியேற்ற ஒரு காரணமாகலாம். ஊரிலிருந்து வரும் உறவினர் இச்சட்டத்தைக் கேள்விப்பட்டு, "ஒப்பந்தம் இல்லையா? உடனே காலி செய்துவிடு" என்று அறிவுரை கூறுவர். அவ்வறிவுரை நல்லெண்ணத்தில் பிறந்ததே. ஆனால் பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டினால் அது பொருந்தாது.

கேரளச் சட்டத்தின் அடிப்படை ஒன்றே. நீதிமன்ற ஆணையின்றி வாடகைதாரரை வெளியேற்ற இயலாது. ஒப்பந்தத்தில் எது எழுதியிருப்பினும், சட்டம் கூறும் காரணங்களுள் ஒன்றை வீட்டுக்காரர் நீதிமன்றத்தில் மெய்ப்பித்தாக வேண்டும். "பதினொரு மாத எழுத்து முடிந்துவிட்டது, இனி உனக்கு உரிமையில்லை" என்ற சொல்லைக் கேட்டு எத்தனையோ குடும்பங்கள் ஒரே இரவில் பாத்திரம் பண்டங்களைக் கட்டியிருக்கின்றன. பதினொரு மாதம் என்று எழுதுவதன் காரணம் வேறு. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்ய வேண்டும் என்று 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் கூறுகின்றது. அச்செலவைத் தவிர்க்கவே பதினொன்று. கெடு முடிந்தது என்ற ஒன்றே வெளியேற்றப் போதிய காரணம் ஆகாது.

இனி, எக்காரணங்கள் செல்லும் என்று காண்போம்.

முதலாவது, வாடகை பாக்கி. பாக்கிக்காக வழக்குத் தொடுக்குமுன் வீட்டுக்காரர் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அது கைக்குக் கிடைத்த 15 நாட்களுக்குள் பாக்கியையும், அதற்கு ஆண்டுக்கு 6 சதவிகித வட்டியையும், நோட்டீஸின் தபால் செலவையும் செலுத்திவிட்டால் அவ்வழக்குக்கு இடமில்லை. நோட்டீஸை வாங்க மறுத்தால் தப்பிவிடலாம் என்று சிலர் நினைக்கின்றனர். அது தவறு. மறுத்த நாளிலிருந்தே 15 நாள் கணக்கு ஓடத் தொடங்கும். தபால்காரர் கொண்டுவரும் காகிதத்தைக் கையெழுத்திட்டு வாங்குங்கள். நாளைக் குறித்து வையுங்கள். வழக்கு நடந்து வெளியேற்ற ஆணை பிறந்த பின்னரும், ஒரு திங்களுக்குள் பாக்கியையும் வட்டியையும் வழக்குச் செலவையும் கட்டினால் அவ்வாணை நீக்கப்படும். ஆயினும் வழக்கு நடக்கும் காலத்தில் தாம் ஒப்புக்கொண்ட பாக்கியைச் செலுத்தி, மாத வாடகையையும் தவறாமல் கட்டிவராதவருக்கு எதிர்வாதம் செய்யும் உரிமையே அற்றுப்போகும். வழக்கு நடக்கிறதே என்று வாடகையை நிறுத்துபவர் தம் கையாலேயே தம் கதவை அடைத்துக்கொள்கின்றார்.

வாடகை கொடுத்தால் ரசீது பெறுவது நம் உரிமை. வேண்டுமென்றே வாடகையை வாங்க மறுத்து, பின்னர் "பாக்கி" என்று வழக்கிடும் தந்திரமும் உண்டு. அத்தகையோருக்கு மணியார்டரில் வாடகை அனுப்பச் சட்டமே வழி செய்துள்ளது. திரும்பி வந்த மணியார்டரின் காகிதமும் நல்ல சாட்சியே. இக்காலத்தில் கைப்பேசி வாயிலாகப் பணம் அனுப்புவோர், "ஜூன் மாத வாடகை" என்று மூன்று சொற்கள் சேர்த்து அனுப்புக. பணம் மட்டும் போய், எதற்காகப் போயிற்று என்பது பதியாவிட்டால், பின்னாளில் அது கைமாற்றா, வாடகையா என்ற வாதம் எழும்.

இரண்டாவது, வீட்டுக்காரரின் சொந்தத் தேவை. தாமோ தம்மைச் சார்ந்த குடும்பத்தாரோ பயன்படுத்த உண்மையாகவே கட்டடம் தேவை எனின் அவர் கேட்கலாம். ஆனால் இதற்குச் சட்டம் பல வேலிகள் இட்டுள்ளது. அவருக்கு அதே ஊரில் தம் வசமுள்ள வேறு கட்டடம் இருப்பின், தனிக் காரணம் காட்டினாலன்றி ஆணை கிடைக்காது. புதிதாக விலைக்கு வாங்கியவர் பத்திரத் தேதியிலிருந்து ஓராண்டு கழியும்வரை இக்காரணத்தால் வழக்கிட முடியாது. கடை வைத்திருப்போருக்கு ஒரு தனிப் பாதுகாப்பும் உண்டு. அக்கடையின் வருமானமே பிழைப்புக்குப் பெரும்பாலும் ஆதாரமாக இருந்து, அவ்வட்டாரத்தில் தொழில் நடத்தத் தக்க வேறு கட்டடமும் கிடைக்காதாயின், வெளியேற்ற ஆணை பிறப்பித்தல் ஆகாது. இவ்விரண்டையும் மெய்ப்பிக்கும் பொறுப்பு வாடகைதாரரைச் சார்ந்தது. ஒன்றை மட்டும் காட்டினாற் போதாது. ஆதலின் கணக்கேடும் உரிமச் சீட்டும் வரி ரசீதும் கையில் இருத்தல் வேண்டும். 1940 ஏப்ரல் 1ஆம் நாள் முதல் தொடர்ந்து வாடகைதாரராக இருந்து வருபவருக்குச் சொந்தத் தேவை வழக்கிலிருந்து சட்டம் பாதுகாப்பு அளிக்கின்றது. பாட்டனார் காலத்துக் கடையை நடத்துவோர் பழைய ரசீதுகளைக் குப்பை என்று எறியாமல், வழக்கறிஞரிடம் காட்டி ஆலோசனை பெறுக.

சொந்தத் தேவை என்று கூறி வீட்டைப் பெற்றவர், தக்க காரணமின்றி ஒரு திங்களுக்குள் அதில் குடியேறாவிட்டாலோ, குடியேறி ஆறு மாதத்துக்குள் விட்டுப் போய்விட்டாலோ, வெளியேற்றப்பட்டவர் மீண்டும் அவ்வீட்டைக் கேட்டு மனுச் செய்யலாம். இடித்துக் கட்டுவதற்காக வெளியேற்றப்பட்டவருக்குப் புதுக் கட்டடத்தில் நியாய வாடகைக்கு முதலுரிமை உண்டு. இவ்வுரிமைகளை அறியாமல், போனது போயிற்று என்று இருந்துவிடுவோரே மிகுதி.

மூன்றாவது, நம்மவர் தனியே கவனிக்க வேண்டிய சில காரணங்கள். வீட்டுக்காரரின் இசைவின்றி உள்வாடகைக்கு விடுதல் அவற்றுள் ஒன்று. ஊரிலிருந்து வந்த நண்பருக்கு ஓர் அறையை ஒதுக்கி, மாதம் சிறு தொகை பெறுவது நமக்கு உதவியாகத் தோன்றும். சட்டத்துக்கு அது உள்வாடகை. இதற்காகப் பதிவுத் தபால் நோட்டீஸ் வந்தால் 30 நாட்களுக்குள் அவ்வேற்பாட்டை முடித்துக்கொள்ள வேண்டும். மற்றொன்று இன்னும் முக்கியமானது. தக்க காரணமின்றி ஆறு மாதம் தொடர்ந்து வீட்டைப் பயன்படுத்தாமல் விட்டாலும் வெளியேற்ற ஆணை பெறலாம். பெற்றோரின் நோய், பிள்ளைப்பேறு, அறுவடை என்று நாம் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போகின்றோம். போனவர் மாதக்கணக்கில் தங்கிவிடுவதும் உண்டு. நோய்க்காகத் தங்கினால் மருத்துவமனைச் சீட்டை வைத்திருங்கள். வாடகையைத் தவறாது அனுப்புங்கள். குடும்பத்தில் ஒருவரேனும் இடையிடையே வந்து தங்குமாறு பார்த்துக்கொள்ளுங்கள். "ஊரில் உனக்குச் சொந்த வீடு இருக்கிறதே" என்று ஒருவர் கேட்டால் மட்டும் அஞ்ச வேண்டாம். சட்டம் பார்ப்பது இதே ஊரில் போதிய கட்டடம் உண்டா என்பதைத்தான். திண்டுக்கல்லில் ஓட்டு வீடு இருப்பது மட்டாஞ்சேரி வீட்டைப் பறிக்கக் காரணம் ஆகாது.

நீதிமன்றத்தை நாடாமல் பலவந்தத்தை நாடுவோரும் உளர். தண்ணீரை நிறுத்துவது, மின்சாரத்தைத் துண்டிப்பது, கதவுக்கு வேறு பூட்டுப் போடுவது அவர்தம் முறை. வசதிகளைத் துண்டித்தால் அகாமடேஷன் கன்ட்ரோலர் என்னும் அதிகாரியிடம் மனுக் கொடுத்து அவற்றை மீட்கலாம். சட்டப்படியன்றிப் புறந்தள்ளப்பட்டவர், 1963ஆம் ஆண்டின் தனிவகைத் தீர்வுச் சட்டத்தின் 6ஆம் பிரிவின் கீழ் ஆறு மாதத்துக்குள் உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்கிட்டு இடத்தை மீளப் பெறலாம். வீடு யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியே அவ்வழக்கில் எழாது. ஆறு மாதக் கெடு மட்டும் கண்டிப்பானது. அரசுக்கு எதிராக இப்பிரிவு உதவாது என்பதையும் அறிக.

துறைமுகம், ரயில்வே போன்ற மத்திய அரசு நிறுவனங்களின் நிலத்தில் இருப்போரின் நிலை வேறு. அங்கே வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை நம்பியிராதீர். 1971ஆம் ஆண்டின் பொதுவிடச் சட்டப்படி எஸ்டேட் அதிகாரி நோட்டீஸ் கொடுத்து, விளக்கம் கேட்டு, ஆணையிடுவார். அவ்வாணைமீது மாவட்ட நீதிபதியிடம் மேல்முறையீடு செய்ய 12 நாட்களே உண்டு. வாடகைக் கட்டுப்பாட்டு நீதிமன்றத்தின் ஆணைக்கு மேல்முறையீட்டுக் காலம் 30 நாள். இவ்விரு கணக்கையும் குழப்பிக்கொண்டால் உரிமை கைநழுவும்.

இனி, மேற்குக் கொச்சியில் மிகுந்து காணப்படும் "பணய வீடு" பற்றி ஒரு சொல். நம் ஊரில் ஒத்தி, போக்கியம் என்று வழங்குவதை இங்கே பணயம் என்பர். சில லட்சம் ரூபாயை மொத்தமாகக் கொடுத்து, மாத வாடகையின்றிக் குடியிருந்து, கெடு முடிவில் பணத்தைத் திரும்பப் பெறுவது ஏற்பாடு. நம் பெண்மக்கள் சீட்டுக் கட்டிச் சேர்த்ததும், தாலிக்கொடியை அடகு வைத்ததும், ஊரில் காணி விற்றதும் இப்படி ஒரே கையில் போய்ச் சேர்கின்றன. எழுத்தோ, முத்திரைப் பத்திரத்தில் பதினொரு மாத வாடகை ஒப்பந்தம் என்று சாதாரணமாக எழுதப்படுகின்றது. நிலத்தையோ வீட்டையோ ஈடாகக் கொண்ட உண்மையான ஒத்தி என்றால், 100 ரூபாய்க்கு மேற்பட்டது பதிவு செய்யப்பட வேண்டும். பதிவில்லாவிட்டால், வீடு விலை போகும்போதோ, வங்கி தன் கடனுக்காகக் கைப்பற்றும்போதோ, நம் லட்சங்கள் வெறுங் கைக்கடனாக நிற்கும்.

ஆகையால் பணம் கொடுக்குமுன் மூன்று காரியங்கள் செய்க. வில்லங்கச் சான்று பெறுக. இங்கே அதைப் பாத்யதா சர்ட்டிபிகேட் என்பர். மூலப் பத்திரத்தையும் கரம் அடைத்த ரசீதையும் நேரிற் காண்க. மூலப் பத்திரம் கையில் இல்லையென்றால் அது எங்கே அடகிருக்கிறது என்று கேட்க. கொடுக்கும் முழுத் தொகையும் எழுத்தில் வருமாறும், வங்கி வழியே செல்லுமாறும் பார்த்துக்கொள்க. கெடு முடிந்து வெளியேறும் நாளில், பணமும் சாவியும் ஒரே வேளையில் கைமாறட்டும். "சாவியைக் கொடுங்கள், அடுத்த வாரம் பணம்" என்ற சொல்லை நம்பிச் சாவியைக் கொடுத்தவர், அன்று முதல் குடியிருப்பவர் அல்லர். கடன் கேட்டு அலைபவர்.

கடன் என்றதும் நம் இரண்டாம் கேள்வி வருகின்றது. வெளுத்த துணிக்குக் கூலி தராத விடுதி, மளிகை வாங்கிப் பணம் தராத உணவுக்கடை, திரும்பாத முன்பணம், கைமாற்று வாங்கி மறந்த நண்பர் என்று இவை பல. தனித்தனியே பார்த்தால் சிறு தொகை. அன்றாடங் காய்ச்சியின் வீட்டில் அது பிள்ளையின் பள்ளிக் கட்டணம். முதலில் அறிய வேண்டியது காலவரையறை. இத்தகைய பணக் கோரிக்கைக்கு 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி பொதுவாக மூன்றாண்டுக்குள் வழக்கிட வேண்டும். அக்காலத்துக்குள் கடன்பட்டவர் எழுத்து மூலம் கடனை ஒப்புக்கொண்டு கையொப்பமிட்டால், அன்றிலிருந்து புதிதாக மூன்றாண்டு தொடங்கும். "தருகிறேன், தருகிறேன்" என்று வாயால் சொல்வது காலத்தை நீட்டாது. கைப்பேசிச் செய்திகளையும் அழிக்காமல் வையுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள புதிய சாட்சியச் சட்டத்தின்படி, உரிய சான்றிதழோடு அவையும் சாட்சியாகும்.

காசோலை கொடுத்து அது திரும்பினால் கெடுக்கள் இன்னும் குறுகியவை. வங்கியிலிருந்து செய்தி கிடைத்த 30 நாட்களுக்குள் எழுத்தில் நோட்டீஸ். அது சேர்ந்தபின் பணம் தர 15 நாள். அதற்கு மேல் ஒரு திங்களுக்குள் குற்றவியல் நீதிமன்றத்தில் புகார். விலை கொடுத்து வாங்கிய பொருளோ சேவையோ குறைபட்டதாயின் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை நாடுக. 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் தரலாம், வழக்கறிஞர் கட்டாயமில்லை, கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டதாயின் கட்டணமும் இல்லை, காலம் இரண்டாண்டு. கூலி பாக்கிக்குத் தொழிலாளர் துறையின் அலுவலரிடம் முதலில் முறையிடுக.

"வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம் ஏது?" என்பதே இவ்வளவுக்கும் பின் எழும் கேள்வி. அதற்கு விடை நம் அருகிலேயே உள்ளது. பாலக்காடு வைத்தியநாதபுரத்தில், தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட குடும்பத்தில் பிறந்தவர் வி. ஆர். கிருஷ்ணய்யர். 1957இல் அமைந்த கேரள அமைச்சரவையில் சட்ட அமைச்சராக இருந்த அவர், 1973இல் உச்ச நீதிமன்ற நீதிபதியானார். அவ்வாண்டே, அவர் தலைமை வகித்த குழு ஏழைகளுக்குச் சட்ட உதவி பற்றிய அறிக்கையை அளித்தது. 1976இல் அரசியலமைப்பில் 39ஏ பிரிவு சேர்ந்தது. 1978இல் ஹோஸ்கோட் வழக்கில், சிறைப்பட்ட ஏழைக்குச் சட்ட உதவி தருவது கருணை அன்று, அரசின் கடமை என்று அவர் தீர்ப்பளித்தார். தம் இறுதி ஆண்டுகளை எர்ணாகுளத்தில் கழித்து, 2014 டிசம்பர் 4ஆம் நாள் மறைந்தார். இவ்வரிய முயற்சிகளின் பயனாக 1987இல் சட்டப் பணிகள் அதிகாரச் சட்டம் இயற்றப்பட்டு, 1995 நவம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்தது.

அச்சட்டப்படி பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர் ஆகியோர் வருமானக் கணக்கின்றியே இலவச சட்ட உதவிக்கு உரியவர். ஏனையோர் வருமான வரம்புக்கு உட்பட்டிருக்க வேண்டும். வழக்கறிஞர் கட்டணம் மட்டுமன்று, நீதிமன்றக் கட்டணமும் இதில் அடங்கும். பிறந்த மாநிலம் எது என்பது கேள்வியே அன்று. கேரள மாநில ஆணையத்தின் அலுவலகம் எர்ணாகுளம் உயர் நீதிமன்ற வளாகத்திலுள்ள நியம சகாய பவன். மாவட்டத்துக்கு ஓர் ஆணையமும், கொச்சி வட்டத்துக்கு ஒரு குழுவும் உள்ளன. எங்கே செல்வது என்று தெரியாதவர் 15100 என்ற தொலைபேசி எண்ணை அழைக்கலாம். வெள்ளைத் தாளில் மனு எழுதினாற் போதும். இவ்வாறு அமர்த்தப்பட்ட வழக்கறிஞர் நம்மிடம் கட்டணம் கேட்டல் ஆகாது. நீதிமன்ற வாசலில் நின்று "நான் முடித்துத் தருகிறேன்" என்பவரிடம் அசல் பத்திரத்தைக் கொடுத்துவிடாதீர்.

பெண்கள் மற்றொன்றையும் அறிக. வீடு கணவர் பெயரிலோ மாமியார் பெயரிலோ இருப்பினும், கூட்டாக வாழ்ந்த வீட்டிலிருந்து மனைவியைத் துரத்த இயலாது. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் அவ்வுரிமையை அளித்துள்ளது.

சிறு வழக்குகளுக்கு மிகவும் ஏற்றது லோக் அதாலத்து என்னும் மக்கள் நீதிமன்றம். வழக்குத் தொடுக்குமுன்னரே மனுக் கொடுக்கலாம்; கட்டணம் இல்லை. நிலுவையிலுள்ள வழக்கு அங்கே முடிந்தால் கட்டிய நீதிமன்றக் கட்டணம் திரும்பக் கிடைக்கும். அதன் முடிவு நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம். எதிரி இணங்க மறுத்தால் நீதிமன்றப் பாதை திறந்தே இருக்கும். ஆனால் ஒன்றை நெஞ்சிற் பதிக்க வேண்டும். அங்கே கையொப்பமிட்டுச் சமரசமாகிய முடிவின்மேல் மேல்முறையீடு கிடையாது. "மூன்று மாதத்தில் வீட்டை ஒழிவேன்" என்று எழுதிக் கையொப்பமிடும் குடும்பம், முன்பணம் எந்நாளில் திரும்பும் என்பதும் அதே காகிதத்தில் எழுதப்பட்டுள்ளதா என்று பார்த்தாக வேண்டும். மொழி விளங்காவிட்டால் கூச்சப்படாமல், "தமிழில் சொல்லக் கேட்ட பிறகே கையொப்பமிடுவேன்" என்று நீதிபதியிடமே கூறலாம்.

மொழி பற்றிக் கூறுவதற்குக் காரணம் உண்டு. மலையாளம் நமக்கு நெருங்கிய மொழியாதலால் எல்லாம் விளங்கிவிட்டதாக எண்ணி ஏமாறுகின்றோம். இங்கே "அன்யாயம்" என்பது வழக்கு மனு. யாரும் யாருக்கும் அநியாயம் செய்ததாகப் பொருளன்று. "பிரதி" என்றால் நகல் அன்று, எதிர்வழக்காளி. "விதி" என்றால் தலைவிதி அன்று, தீர்ப்பு. "குடிஸ்ஸிக" என்பது குடிசை அன்று, பாக்கி. "வழக்கு அவதிக்கு வைத்தது" என்றால் வேறு நாளுக்குத் தள்ளியது என்று பொருள். பல ஆண்டு வழக்காடியவர் இக்கடைசிச் சொல்லைத் தமிழ்ப் பொருளிலேயே கொண்டாலும் பிழையில்லை என்பர்! சிரிப்புக்கிடமாயினும், சம்மனில் உள்ள நாளைத் தவறவிட்டால் நாம் இல்லாமலே ஒருதலைத் தீர்ப்பு ஆகிவிடும். மலையாளம் வாசிக்கத் தெரிந்த நம் பிள்ளைகளைக் கொண்டு ஒவ்வொரு காகிதத்தையும் அன்றே படித்தறிக.

உரிமையைப் பேசியவர் கடமையையும் பேச வேண்டும். வீட்டுக்காரர் எல்லாரும் செல்வர் அல்லர். ஓர் ஒட்டு வீட்டின் வாடகையைக்கொண்டே காலந்தள்ளும் கைம்பெண்டிரும் முதியோரும் இவ்வூரில் உளர். அவர்களுடைய தேவை உண்மையானதாயின், சட்டத்தின் சந்துபொந்துகளைத் தேடி ஆண்டுக்கணக்கில் இழுத்தடிப்பது தமிழர் பெயருக்கு அழகன்று. நியாயமான அவகாசம் கேட்டு, முன்பணத்தைப் பெற்று, நல்ல முகத்தோடு விடைபெறுவதே சிறப்பு. நாம் காலி செய்யும் விதத்தைப் பார்த்தே அடுத்த தமிழ்க் குடும்பத்துக்கு வீடு கிடைக்கும்.

அங்கத்தினர் ஒவ்வொருவரும் இத்திங்களே ஓர் உறையை எடுத்து, வாடகை ஒப்பந்தம், ரசீதுகள், முன்பணச் சான்று, மின்கட்டணச் சீட்டு, வீட்டுக்காரர் அனுப்பிய கடிதங்கள் ஆகியவற்றை நாள் வரிசையில் அடுக்கி வைக்குமாறு வேண்டுகின்றோம். சட்டப் பணிகள் அமைப்பு துணைச் சட்டத் தொண்டர்களுக்குப் பயிற்சி அளிக்கின்றது. தமிழும் மலையாளமும் எழுதப் படிக்கத் தெரிந்த நம் இளைஞரும் இளம்பெண்களும் அப்பயிற்சியில் சேர முன்வந்தால், நீதிமன்றப் படியில் தனியே நிற்கும் நம் முதியோருக்கு அது பேருதவியாகும். நாம் இங்கே கூறியவை பொதுவானவை. ஒவ்வொரு வழக்கின் இயல்பும் வேறுபடுமாதலின், செயலில் இறங்குமுன் வழக்கறிஞரைக் கண்டு பேசுக.

பதிவு பெறாத சீட்டில் பணம் போட்டு இழந்தவர் என் செய்யலாம் என்று சில சகோதரியர் கேட்டுள்ளனர். அதனை அடுத்த இதழில் ஆராய்வோம்.